வாசகர் கேள்வி–பதில்: ஆர்டரின் வேகமும் பொருளின் வேகமும்

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் உதிரிபாக ஆர்டர்களை இப்போது இணையவழியில் அனுப்புகிறோம். இனிமேல் கிடங்கில் இருப்பே தேவையில்லை என்கின்றனர் கணக்குப் பிரிவினர். தேவையான பொருள் தேவைப்படும் நேரத்தில், தேவையான அளவே வந்துசேரும் ‘ஜஸ்ட் இன் டைம்’ முறை என்பது இதுதானா?

பதில்: இல்லை. ஆர்டர் விரைந்து போவது வேறு, பொருள் விரைந்து வருவது வேறு. டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த அந்த முறை கணினியை நம்பிப் பிறந்ததன்று; ‘கான்பான்’ என்னும் சாதாரண அட்டையைக் கொண்டே அது நடந்தது. பாகங்கள் நிறைந்த ஒவ்வொரு பெட்டியோடும் ஓர் அட்டை இருக்கும். தொழிலாளி அதிலிருந்து முதல் பாகத்தை எடுக்கும்போதே அட்டையைக் கழற்றிவிடுவார். அது வழங்குநரிடம் திரும்பிச் சேர்ந்தால் அதுவே அடுத்த பெட்டிக்கான ஆர்டர். அட்டையின்றி எதுவும் நகராது என்பதால், சுற்றில் உள்ள அட்டைகளின் அளவைத் தாண்டி இருப்பும் பெருகாது.

கணக்குப் பிரிவினருக்குக் கணக்கையே காட்டிவிடலாம். நாளொன்றுக்கு 400 பாகங்கள் செலவாகின்றன, ஒரு பெட்டியில் 50 பாகங்கள், அட்டை போய்ப் பொருள் வந்துசேர 2 நாள் என்று கொண்டால், சுற்றில் 16 பெட்டிகள் வேண்டும். அந்த 2 நாளில் அரை நாள் அட்டையின் பயணத்துக்கே போகிறது என்றால், மின்செய்தி அதை நீக்கி 16 பெட்டிகளை 12 ஆக்கும். அவ்வளவுதான். மீதமுள்ள 12 பெட்டிகளைத் தீர்மானிப்பது, வழங்குநர் வேறு பாகம் செய்யத் தம் இயந்திரத்தில் வார்ப்பச்சை (die) மாற்ற எடுக்கும் நேரமும், லாரி ஒரு நாளில் எத்தனை நடை வருகிறது என்பதும், வரும் பாகங்களில் பழுதானவை எவ்வளவு என்பதுமே. இவற்றைத் தொடாமல் கிடங்கைக் காலி செய்தால், அதே பெட்டிகள் வழங்குநரின் கிடங்கில் போய் அமரும். அதன் செலவு என்றாவது உங்கள் விலைப்பட்டியலில் வந்து நிற்கும்.

ஆகவே ஆர்டரோடு நிறுத்தாமல், வரும் வாரங்களுக்கான உற்பத்தித் திட்டத்தையும் வழங்குநர் பார்க்கும்படி செய்யுங்கள். இணைய இணைப்பால் கிடைக்கும் பெரிய ஆதாயம் அதுதான் என்பேன்.

கேள்வி: அந்த இணைப்பே அறுந்துபோனால்?

பதில்: உற்பத்தி வரிசை நிற்கும். 2022 பிப்ரவரி இறுதியில் டொயோட்டாவின் வழங்குநர் ஒருவரின் கணினி அமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. மார்ச் 1 அன்று ஜப்பானில் 14 ஆலைகளின் 28 உற்பத்தி வரிசைகளும் நிறுத்தப்பட்டு, மறுநாள்தான் ஓடத் தொடங்கின. எனவே செய்தி வராத நாளில் எந்தப் பெட்டிகளை அனுப்புவது என்பதை வழங்குநரோடு முன்கூட்டியே பேசித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்று வழங்குநர் எளிதில் கிடைக்காத பாகங்களுக்குத் தாராளமாகவே இருப்பு வையுங்கள். 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே தன் வழங்குநர்களிடம் சில மாதங்களுக்கான மின்னணுச் சிப்களைச் சேர்த்து வைக்கச் சொன்னது.