பாதாளத்துக்கு இறங்கும் முன் எந்தப் புத்தகம் வாங்குவது?

மழைக்காலம் வந்தால், ஆளுக்கொரு கேரக்டராக மாறிப் பகடை உருட்டிக் கதை ஆடும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) போன்ற ஆட்டங்களின் ஞாயிற்றுக்கிழமை மேஜைகள் நிரம்பிவிடும், கூடவே கேள்விகளும் வரும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை நிலத்தடி கேம்பெய்ன் (பல வாரம் தொடரும் கதை) பற்றியவை. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே என் பதில்.

நாங்கள் ஐந்து பேர், வேளச்சேரியில் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். கேரக்டர்கள் நான்காம் லெவலில் இருக்கிறார்கள். இனி கதையைப் பூமிக்குக் கீழே கொண்டுபோக ஆசை. ஒரு புத்தகத்துக்குத்தான் பட்ஜெட். எது வாங்கலாம்?

'அவுட் ஆஃப் தி அபிஸ்' வாங்குங்கள். 2015இல் வந்தது. ஒன்றாம் லெவலில் தொடங்கி பதினைந்து வரை போகும் சாகசம், கிட்டத்தட்ட முழுக்க டி அண்ட் டியின் பாதாள உலகமான அண்டர்டார்க்கில் நடக்கிறது. சாம்பல் நிறக் குள்ளர்களான டூர்கர்களின் கிராக்கல்ஸ்டக் நகரம், காளான் மனிதர்களின் தோப்பு, ஆழ்நிலக் குள்ளர்களின் பிளிங்டன்ஸ்டோன், இருண்ட ஏரி என்று ஒவ்வொரு இடமும் தனியாகப் பிய்த்து எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கும்.

ஆனால் அதன் தொடக்கம் உங்களுக்கு ஒத்துவராது. கையில் எதுவும் இல்லாத புதுமுகங்கள் ட்ரௌ (பாதாளத்தில் வாழும் கருநிற எல்ஃப்கள்) சிறையில் கண் விழிப்பதாகக் கதை ஆரம்பிக்கிறது. நான்கு லெவல் ஏறி, மந்திர வாளும் கையுமாக நிற்பவர்களிடம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சிறையில் போட்டால் மேஜையில் சண்டைதான் வரும். பேசாமல் அவர்களை மீட்புக் குழுவாக உள்ளே அனுப்புங்கள். மேலே அவர்களுக்கு வேண்டிய ஒருவர் அந்தச் சிறையில் இருக்கிறார், அவ்வளவு போதும்.

இன்னொன்று, சிறையில் கூடவே பத்து கைதிகள் இருப்பார்கள். பத்து பேருக்கும் குரல் கொடுக்க முயன்ற டஞ்சன் மாஸ்டர்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) மூன்றாவது செஷனிலேயே களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தப்பிக்கும் குழப்பத்தில் வேறு சுரங்கத்துக்குள் ஓடவிடுங்கள். பிறகு எங்காவது அவர்களைச் சந்தித்தால் அது தனிக் கதை.

எங்கள் கேரக்டர் குழுவில் எல்லாருக்கும் டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) இருக்கிறது. இருட்டு என்று சொன்னாலே சிரிக்கிறார்கள். பயம் வரவைக்க எந்தப் புத்தகம் உதவும்?

முதலில் கையில் இருக்கும் விதிப் புத்தகத்தையே இன்னொரு முறை படியுங்கள். டார்க்விஷன் இருந்தால் முழு இருட்டு மங்கிய வெளிச்சமாகத் தெரியும், பகலாகிவிடாது. மங்கிய வெளிச்சத்தில் கண்ணால் கவனிக்கும் பெர்செப்ஷன் பகடைக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். பகடை உருட்டாமலே கவனிப்பதற்கான பாஸிவ் பெர்செப்ஷன் எண்ணில் ஐந்து குறையும். நிறம் தெரியாது. பெரும்பாலான இனங்களுக்கு 60 அடிக்கு மேல் ஒன்றுமே தெரியாது, ட்ரௌவுக்கோ 120 அடி. அதாவது உங்கள் ஆட்கள் அவர்களைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்பே அவர்கள் உங்கள் ஆட்களைப் பார்த்துவிடுவார்கள். பந்தம் கொளுத்தினால் 20 அடி நன்றாகத் தெரியும், அடுத்த 20 அடி மங்கலாகத் தெரியும். குகையின் அந்தக் கோடியில் இருப்பவர்களுக்கும் நீங்கள் தெரிவீர்கள். கொளுத்துவதா வேண்டாமா என்று மேஜையில் வாக்குவாதம் வந்தால் உங்கள் வேலை முடிந்தது.

இதெல்லாம் செய்தும் சிரிப்பு நிற்கவில்லை என்றால் 2023இல் வந்த 'ஷேடோடார்க்' என்ற வேறொரு ஆட்டத்தைப் பாருங்கள். அதில் ஆட்டக்காரர்களின் எந்தக் கேரக்டருக்கும் டார்க்விஷன் கிடையாது. ஒரு பந்தம் நிஜ நேரத்தில் ஒரு மணி நேரம் எரியும். ஃபோனில் டைமர் வைத்துவிட்டு ஆட வேண்டியதுதான். யாராவது பஜ்ஜி எடுக்க எழுந்து போனாலும் பந்தம் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

'வெய்ன்ஸ் ஆஃப் தி எர்த்' பற்றி நண்பர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். விலை அதிகம். தகுமா?

தகும். நிலத்தடி ஆட்டத்துக்கென்று எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2017இல் வந்தது. எழுதியவர் பாட்ரிக் ஸ்டூவர்ட், படங்கள் ஸ்க்ராப் பிரின்சஸ்.

மற்ற புத்தகங்கள் பாதாளத்தைக் கூரை போட்ட காடாக நினைக்கின்றன. அங்கே ஒரு ஊர், இங்கே ஒரு ஊர், நடுவில் ஒரு பாதை. இந்தப் புத்தகத்தில் அந்தப் பாதைதான் பிரச்சினையே. தவழ வேண்டும், தொங்க வேண்டும், இடுக்கில் உடம்பைத் திணிக்க வேண்டும். பசிக்கு விதி இருக்கிறது. வெளிச்சம் அங்கே நாணயம் மாதிரி புழங்குகிறது, விளக்கு எண்ணெய் வைத்திருப்பவன் பணக்காரன். குகைகளைச் சட்டென்று வரைந்துகொள்ள ஒரு முறையும் உண்டு, எந்தப் பதிப்பு ஆடினாலும் உதவும். பூதங்கள் விசித்திரமானவை, சில அருவருப்பானவை. பெரியவர்கள் மேஜைக்கான புத்தகம்.

குறை என்றால், இதில் தயார்நிலைக் கதை கிடையாது. கதை உங்களிடம் இருக்க வேண்டும். முதல் முறை ஆட்டம் நடத்துபவர் இதை மட்டும் வாங்கினால் திணறிப்போவார். அச்சுப் பிரதி கட்டுப்படியாகவில்லை என்றால் பிடிஎஃப் போதும்.

பழைய பதிப்புப் புத்தகங்கள் மூர் மார்க்கெட், பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் கிடைக்குமா?

கிடைத்தால் அன்றைக்கே லாட்டரிச் சீட்டும் வாங்கிவிடுங்கள். டிரைவ்த்ருஆர்பிஜி தளத்தில் பழைய டி அண்ட் டி புத்தகங்களின் பிடிஎஃப்கள் முறையாக விற்பனைக்கு இருக்கின்றன. கேரி கைகாக்ஸ் 1978இல் எழுதிய 'வால்ட் ஆஃப் தி ட்ரௌ', கார்ல் சார்ஜன்ட் எழுதி 1995இல் பெட்டியாக வந்த 'நைட் பிலோ', இந்த இரண்டையும் தேடுங்கள். முதலாவது சின்னது, அந்தத் தொடரில்தான் ட்ரௌக்கள் முதன்முதலில் ஊரும் மதமுமாக வந்தார்கள். இரண்டாவது ஒரு முழு கேம்பெய்ன், மேலே சாதாரணக் கிராமப்புறத்தில் ஆரம்பித்து நிதானமாகக் கீழே இறங்கும். பூதங்களின் சண்டை எண்களை உங்கள் பதிப்புக்கு மாற்றும் வேலை உங்களுடையது.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் டார்க்லேண்ட்ஸ் (அதன் பாதாள உலகம்) புத்தகத்தை ஐந்தாம் பதிப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. 2008இல் வந்த 'இன்டு தி டார்க்லேண்ட்ஸ்' பாதாளத்தை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: மேலே நார்வோத், நடுவில் செகாமினா, அடியில் ஓர்வ். கீழே போகப் போக ஆபத்து ஏறும் என்பதால் லெவலுக்கு ஏற்ற அடுக்கு தானாகவே அமைந்துவிடுகிறது. அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு எண்களை விட்டுவிடுங்கள்.

என் பையனுக்கும் அவன் நண்பர்களுக்கும் 11, 12 வயது. குகைக் கதை கேட்கிறார்கள். (அம்பத்தூரிலிருந்து ஓர் அம்மா)

மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள் அம்மா. 'அவுட் ஆஃப் தி அபிஸ்' அடிமை வியாபாரமும் பைத்தியமும் நிறைந்தது. 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' போதும். ஐந்தாம் லெவல் வரை போகும், கடைசியில் தொலைந்துபோன ஒரு சுரங்கத்துக்குள் குழந்தைகளை இறக்கிவிடும்.

ட்ரௌ, டூர்கர் எல்லாம் வேண்டாம். நம் ஊர்ப் பாதாளமாக இருக்க வேண்டும். அதற்குப் புத்தகம் உண்டா? (மயிலாப்பூர்)

கடையில் தேடுவதற்கு முன்னால் வீட்டு அலமாரியைப் பாருங்கள். பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். நாகப்பட்டினத்துச் சோழன் பிலத்துவாரம் (பாதாளத்துக்கு இறங்கும் குகை வாசல்) வழியாக நாகலோகம் போய் நாககன்னியைக் கூடுகிறான். பிறக்கும் பிள்ளையை அடையாளத்துக்குத் தொண்டைக் கொடி கட்டிக் கடலில் விடச் சொல்கிறான், அலை கொண்டுவந்து சேர்க்கிறது. தொண்டைமான் வம்சம் அப்படி வந்ததாம். சென்னை இருப்பதே தொண்டை மண்டலத்தில். உங்கள் கேரக்டர்கள் அந்தப் பிலத்தைத் திரும்பத் தேடிப் போகிறார்கள் என்று வையுங்கள், ஒரு வருஷத்துக்கு ஓடும். கம்பனின் கிட்கிந்தா காண்டத்தில் வானரர்கள் பிலத்துக்குள் நுழைந்து இருட்டில் தவிக்கும் படலத்தையும் படித்துவிடுங்கள். நாகர் நகரத்துக்கு ட்ரௌ நகரத்தின் எண்களையே போட்டுக்கொள்ளலாம், ஆட்டக்காரர்களுக்குத் தெரியவா போகிறது?

நிலவியலில் மட்டும் கொஞ்சம் கவனம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை சார்னோகைட், கெட்டியானது. தண்ணீர் அதைக் கரைத்து நீண்ட குகைகளைக் குடைவதில்லை. அதற்குச் சுண்ணாம்புப் பாறை வேண்டும். ஆந்திராவின் பேலம் குகைகள் அப்படி உருவானவை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டுமே பயணிகளுக்குத் திறந்திருக்கிறது. அதன் ஆழமான இடத்துக்குப் பெயரே பாதாளகங்கை, அங்கே ஓடும் சின்ன நீரோடை பூமிக்குள் மறைந்துவிடும். இரண்டாவது புத்தகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் குழுவோடு ஒரு நடை போய்வாருங்கள். உள்ளே இருக்கும் புழுக்கத்தை எந்தப் புத்தகமும் எழுதிக் காட்டாது.

குகைக்கென்று தனி மேப் புத்தகம், மினியேச்சர் (மேஜையில் வைக்கும் குட்டிப் பொம்மைகள்) எல்லாம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். மேலிருந்து பார்க்கும் மேப் குகையில் பாதி பொய் சொல்லும், ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. 1986இல் வந்த 'டஞ்சனியர்ஸ் சர்வைவல் கைட்' முப்பரிமாணமாக வரையக் கற்றுக்கொடுக்கிறது, அதன் பிடிஎஃப்பில் அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். அதற்கும் பொறுமை இல்லையா, ஒரு கிராஃப் நோட்டு வாங்கி, பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பது போல் குகையை வரையுங்கள். எத்தனை அடி கயிறு வேண்டும் என்று ஆட்டக்காரர்களே எண்ணிக்கொள்வார்கள்.