சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவருக்கு எடை குறையவில்லை, ஆனால் கை கால் மெலிகிறது. சத்துக் குறைபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

எடை மெஷின் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தசை கரையக் கரைய வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். ஒன்று இறங்க மற்றது ஏற, மொத்த எடை மாறாமல் நிற்கும். அதனால் நீரைக் கழித்த உலர் எடைதான் கணக்கு. வயிற்று நீர் லேசாக இருந்தால் 5%, நடுத்தரம் என்றால் 10%, மிகுதி என்றால் 15% கழிப்பார்கள். இரண்டு காலிலும் வீக்கம் இருந்தால் இன்னொரு 5%.

165 செ.மீ. உயரம், 62 கிலோ எடை உள்ளவருக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 22.8, பார்க்க நன்றாகவே இருக்கிறது. வயிற்றில் நீர் மிகுதி, காலும் வீக்கம் என்றால் 20% போக 49.6 கிலோ, பிஎம்ஐ 18.2. உலர் எடையில் பிஎம்ஐ 18.5-க்குக் கீழே போனாலோ, கல்லீரல் பாதிப்பை அளக்கும் சைல்ட்-பியூ அளவுகோலில் மிக மோசமான 'சி' நிலையில் இருந்தாலோ, சத்துக் குறைபாடு இருக்கும் என்றே வைத்துக்கொண்டு நேரே முழு மதிப்பீட்டுக்குப் போய்விடலாம்.

ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவை வைத்து முடிவு செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதைத் தயாரிப்பதே கல்லீரல். கல்லீரல் தளர்ந்தாலும், உடலில் அழற்சி இருந்தாலும் அது குறையும். நன்றாகச் சாப்பிடுபவருக்கும் குறைவாக வரலாம்.

மேல்கையில் பொதுவாக நீர் தேங்குவது குறைவு, அதனால் டேப்பும், தோலைக் கவ்வி அதன் தடிமனை அளக்கும் தோல்மடிப்புக் காலிப்பரும் இங்கே நிறையச் சொல்லும். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் குறி வைத்து, கையைத் தளரத் தொங்கவிட்டுச் சுற்றளவு எடுங்கள். அதே இடத்தில் பின்புறத் தோல்மடிப்பையும் அளந்து, 3.14-ஆல் பெருக்கிச் சுற்றளவிலிருந்து கழித்தால் தசைச் சுற்றளவு. சுற்றளவு 24 செ.மீ., மடிப்பு 8 மி.மீ. என்றால் சுமார் 21.5 செ.மீ. (மடிப்பை செ.மீ.-க்கு மாற்ற மறந்தால் கணக்கு கந்தல்.) ஒவ்வொரு முறையும் அதே கை, முடிந்தால் அளப்பவரும் அவரே.

பிடிவலிமையை, கையால் அழுத்தி அளக்கும் டைனமோமீட்டரில், உட்கார வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, மூன்று முறை எடுங்கள். ஆசிய வரையறைப்படி ஆணுக்கு 28, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் பலவீனம். என்செபலோபதியில் (கல்லீரல் கோளாறால் மூளை மந்தமாகும் நிலை) இருப்பவர் முழுதாக அழுத்தமாட்டார். அன்றைய எண்ணை நம்ப வேண்டாம். உடலில் நீர் தேங்கியிருந்தால் லேசான மின்சாரம் செலுத்தித் தசை, கொழுப்பைக் கணிக்கும் பயோ-இம்பிடன்ஸ் மெஷினும் தவறாகக் காட்டும். வேறு காரணத்துக்காக சி.டி. ஸ்கேன் ஏற்கெனவே எடுத்திருந்தால், மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசைப் பரப்பை அளக்கச் சொல்லுங்கள். இதற்காகவே புதிதாக எடுக்கத் தேவையில்லை.

உடல் பருமனானவரையும் விட்டுவிடக் கூடாது. கொழுப்புக்கு அடியில் தசை போயிருக்கும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

உணவு விசாரணையில் கட்டாயம் கேட்க வேண்டியது: இரவு கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், காலையில் எப்போது? கல்லீரலில் கிளைகோஜன் (சேமித்து வைக்கும் சர்க்கரை) சேமிப்பு குறைந்துவிட்டதால், ஓர் இரவுப் பட்டினியிலேயே உடல் தசையை உடைக்க ஆரம்பித்துவிடும். படுக்கும் முன் சுமார் 50 கிராம் மாவுச்சத்து கொடுப்பது இதற்குத்தான். அடுத்து, புரதம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். உலர் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். என்செபலோபதிக்குப் பயந்து வீட்டிலேயே புரதத்தை நிறுத்தியிருப்பார்கள். பல நேரம் மெலிவுக்குக் காரணம் அதுவாகவே இருக்கும்.