ஊசி குத்தினால் கட்டி புற்றாகிவிடுமா?

'என் மகளுக்கு 23 வயது. இடது மார்பில் 2.2 செ.மீ. கட்டி. ஸ்கேனில் ஃபைப்ரோஅடினோமா போலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் ஊசிப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். குத்தினால் புற்றாக மாறிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இப்போதைக்கு விளக்கெண்ணெய்ப் பற்று போடுகிறோம். தையில் கல்யாணம். பெங்களூருவில் தழும்பில்லாமல் உறிஞ்சி எடுக்கிறார்களாமே, நேராக அங்கே போய்விடலாமா?'
- ஒரு தாய், காவேரிப்பட்டினம்

மாறாது. சாதாரணக் கட்டி ஊசி பட்டுப் புற்றாவதில்லை. விளக்கெண்ணெயை இன்றே நிறுத்துங்கள். நார்த்திசுவும் சுரப்பித் திசுவும் சேர்ந்து வளர்ந்த கட்டி அது. கரைவதற்கு வெல்லமா என்ன? பற்றைச் சூடாகப் போட்டுத் தோல் வெந்து வருகிறவர்களும் உண்டு. முதலில் அந்தப் புண்ணை ஆற்ற வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்குள் கட்டி வெளியே வந்தாக வேண்டும் என்பதுதான் உங்கள் அவசரம். ஊசிப் பரிசோதனையில் ஃபைப்ரோஅடினோமா என்று உறுதியானால் அதை எடுக்காமலே விடலாம். ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் போதும். பிற்காலத்தில் பால் கொடுக்கவும் தடையில்லை. கர்ப்ப காலத்தில் சற்றுப் பெரிதாகலாம்.

எடுத்தே தீர வேண்டும் என்று உங்கள் மகள் விரும்பினால், நீங்கள் கேள்விப்பட்ட முறை நல்ல முறைதான். மரத்துப்போகும் ஊசி போட்டு, அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகக் கீறி, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே குழாய் ஊசியைக் கட்டிக்கு அடியில் செலுத்துவார்கள். வெற்றிடம் சதையை இழுக்க, உள்ளிருக்கும் கத்தி சீவ, துண்டு துண்டாக வெளியே வரும். பிறகு அழுத்திப் பிடித்து இறுக்கக் கட்டுப் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரம் வரை ரத்தம் கட்டி நீலமாக இருக்கும். தழும்பே இராது என்பது விளம்பரப் பேச்சு. சிறு புள்ளியாவது மிஞ்சும். பொதுவாக 3 செ.மீ. வரையுள்ள கட்டிக்கு இது பொருந்தும். உறைய வைத்து அழிக்கும் முறையும் உண்டு. அதில் கட்டி சுருங்கப் பல மாதம் ஆகும், பரிசோதிக்கத் துண்டும் கிடைக்காது.

நீங்கள் பயப்படும் ஊசியை முதலில் குத்தச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஃபிலாய்ட்ஸ் என்றொரு கட்டி இருக்கிறது. கையில் உருளும்போதும் ஸ்கேனிலும் ஃபைப்ரோஅடினோமா போலவே இருக்கும். பெரும்பாலும் புற்றல்ல, ஆனால் மிச்சம் வைத்தால் திரும்ப வளரும். அதைச் சீவி உறிஞ்சக் கூடாது, அறுவை செய்து முழுதாக எடுக்க வேண்டும். அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம், வேகமாக வளர்வது. இன்று 2.2 செ.மீ. இருப்பது சில மாதங்களில் 3 செ.மீ. தாண்டினால் ஆறு மாத ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள், தை மாதத்துக்கும் காத்திருக்காதீர்கள். ஊசிப் பரிசோதனை இல்லாமலே உறிஞ்சி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தப் பரிசோதனைக்காகப் பெங்களூரு போக வேண்டாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போங்கள். பழைய ஸ்கேன் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வளர்ச்சியை அளக்க அதுதான் ஆதாரம், தினமும் அமுக்கிப் பார்க்கும் விரல் அல்ல. கட்டி முதன்முதலில் கைக்குத் தட்டுப்பட்டது எப்போது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அது உங்கள் மகளுக்குத்தான் தெரியும். டாக்டர் கேட்கும்போது அவரே பதில் சொல்லட்டும்.