சிறார் கதைகளில் வசைச்சொற்கள் வரலாமா?
8 முதல் 12 வயதினருக்கான கதையில் லேசான வசைச்சொல் வரலாமா என்று கேட்டால், வரலாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு சொல் எவ்வளவு காரமானது என்பதைவிட, அது யாரைத் தாழ்த்துகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ‘எருமை’, ‘சனியனே’ போன்றவை வீட்டிலேயே புழங்குபவை. பாலைப் பொங்கவிட்ட பேரனைச் ‘சனியனே’ என்று வைதுகொண்டே அவனுக்குத் தோசை வார்க்கும் பாட்டியிடம் பகை ஏதும் இல்லை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். மாறாக, பழைய கதைகளில் வெகு சாதாரணமாக வரும் ‘சண்டாளா’ என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளுள் ஒன்றின் பெயரிலிருந்து வந்த வசை என்பதால், அதை அறவே தவிர்க்க வேண்டும். உடற்குறையைச் சொல்லித் தாழ்த்தும் ‘நொண்டி’, ‘செவிடு’ ஆகியவையும் தவிர்க்க வேண்டியவையே. இன்னும் கடுமையான சொல் தேவைப்படும் இடத்தில், “அவன் சொன்னதைக் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்” என்று எழுதினால் போதும். வாசிக்கும் பிள்ளையே அந்தச் சொல்லை நிரப்பிக்கொள்ளும்.