டிராகன் வாங்குவதற்கு முன் 15 கார்டை வெளியே எடுங்கள்

மேஜிக் த கேதரிங் என்பது நாமே கட்டிய சீட்டுக்கட்டை (டெக்) வைத்து ஆடும் கார்டு விளையாட்டு. அதில் லேண்ட் கார்டுகள் தரும் சக்திக்கு மானா என்று பெயர், ஒரு லேண்ட் டர்னுக்கு ஒரு மானா தரும், மற்ற கார்டுகளைப் போட அதைத்தான் செலவழிக்க வேண்டும். அது பற்றிப் பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மேஜிக் த கேதரிங் ஆடுகிறேன். என் டெக்கில் 75 கார்டு, அதில் லேண்ட் 22. பச்சை, சிவப்பு, நீலம் மூன்று நிறமும் இருக்கிறது. வியாசர்பாடி நண்பன் சிவப்பு மட்டும் வைத்திருக்கிறான், எல்லாமே சின்னச் சின்ன கார்டு, ஆனாலும் ஐந்தாறு டர்னில் என்னை முடித்துவிடுகிறான். 3,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன், நல்ல டிராகன் நாலு வாங்கினால் ஜெயிக்கலாமா?"

வாங்காதீர்கள் தம்பி. டிராகன் கெட்ட கார்டு என்று சொல்லவில்லை, உங்கள் டெக்கில் அது கையிலேயே உட்கார்ந்திருக்கும். ஷிவன் டிராகனையே எடுத்துக்கொள்வோம்: 5/5 (தாக்கும் பலம் 5, தாங்கும் பலம் 5), பறக்கும், போட ஆறு மானா. 75 கார்டில் 22 லேண்ட் என்றால் ஆறாவது லேண்ட் சராசரியாக நீங்கள் பார்க்கும் இருபதாவது கார்டாகத்தான் வரும், ஆரம்பக் கையில் ஏழு போக டர்னுக்கு ஒன்று என்று எண்ணினால் அது 13ஆவது டர்ன். அதற்குள் உங்கள் நண்பன் அடுத்த ஆட்டத்தையும் முடித்துவிடுவான்.

முதலில் 75ஐ 60 ஆக்குங்கள். 60 என்பது குறைந்தபட்ச எண்ணிக்கைதான், அதற்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், இருந்தும் போட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சரியாக 60இல் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பேசிக் லேண்ட் எனப்படும் சாதாரண லேண்ட் தவிர, ஒரே கார்டை நான்கு பிரதிக்கு மேல் வைக்க முடியாது. அந்த நான்கில் ஒன்றாவது ஆரம்பக் கையில் வரும் வாய்ப்பு 60 கார்டில் 40 சதவீதம், 75 கார்டில் 33. "இதுவும் இருக்கட்டுமே" என்று நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு கார்டும் உங்களிடம் உள்ள நல்ல கார்டைப் பின்னால் தள்ளுகிறது.

அடுத்து, நீலத்தை முழுசாக எடுத்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் 22 லேண்டில் நீலம் ஏழுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எதிராளி போடும் கார்டைத் தடுக்கிற கவுன்டர்ஸ்பெல்லுக்கு இரண்டு நீல மானா வேண்டும், இரண்டாவது டர்னில் நீங்கள் பார்த்திருப்பது ஒன்பது கார்டு, அதில் நீல லேண்ட் சராசரியாக ஒன்றுகூட இல்லை.

இப்போது நண்பனின் டெக். அது ஏழை டெக் கிடையாது, யோசித்துக் கட்டியது. 1996இல் அட்லான்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் இந்த மாதிரி குறைந்த மானா கேட்கும் சிவப்பு கார்டுகளை வைத்து இரண்டாவது இடம் வந்தார், டெக்கை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். முதல் டர்னில் ஒரு மானா, இரண்டாவதில் இரண்டு என்று ஒரு டர்னும் வீணாகாமல் செலவழிக்கிற மாதிரி கார்டுகளின் மானா விலையை அடுக்குவதற்கு மானா கர்வ் என்று பெயர், அது எல்லோருக்கும் பரவியதில் அந்த டெக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதன் பலவீனமும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ஐந்தாவது டர்னில் உங்கள் நண்பன் பார்த்திருப்பது 11 அல்லது 12 கார்டு, லேண்ட் போக ஏழெட்டு. நீங்கள் தொடங்கும் 20 லைஃபை (உயிர்ப் புள்ளி) கரைக்க அவனுக்கு அந்த ஏழெட்டும் வேலை செய்தாக வேண்டும். லைட்னிங் போல்ட் என்ற சிவப்பு கார்டு ஒன்றுக்கு 3 டேமேஜ், அதை மட்டுமே வைத்து உங்களை முடிக்க ஏழு போல்ட் வேண்டும். அந்த ஏழெட்டில் மூன்று கார்டை நீங்கள் ஒன்றுக்கு ஒன்று என்று காலி செய்தால் அவன் கை வெறும் கையாகிவிடும், அப்புறம் டர்னுக்கு ஒரு கார்டை நம்பி ஆட வேண்டியதுதான்.

ஆகவே உங்கள் டெக்குக்கு இருக்கும் ஒரே வேலை ஆறாவது டர்ன் வரை உயிரோடு இருப்பது. புது வண்ணாரப்பேட்டை கேரம் கிளப்பில் பார்த்திருப்பீர்கள், எதிராளிக்கு இரண்டு காய்தான் பாக்கி என்றால் நல்ல ஆட்டக்காரர் தன் காயைப் போடுவதை விட்டு அவன் வழியை அடைக்கப் பார்ப்பார். நீங்களும் போல்ட் வைத்திருந்தால் அதை நண்பன் முகத்தில், அதாவது அவன் லைஃபில், அடிக்காமல் அவனுடைய கிரீச்சர் (சண்டை போடும் உயிரினக் கார்டு) மேல் அடியுங்கள். நண்பர்கள் ஆட்டத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறு இதுதான், தாங்க வேண்டியவன் தாக்கப் போய்த் தோற்கிறான்.

டெக்கை இப்படிக் கட்டலாம்: லேண்ட் 24. ஒரு மானாவில் எட்டு கார்டு, மானா தரும் கிரீச்சரான லானோவர் எல்வ்ஸ் நான்கு, போல்ட் நான்கு. எல்ஃப் மேல் நண்பன் ஒரு போல்டைச் செலவழித்தால் வருத்தப்படாதீர்கள், அந்த 3 டேமேஜ் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. இரண்டு மானாவில் பத்து, மூன்றில் எட்டு, நான்கில் ஆறு, ஐந்தும் அதற்கு மேலும் சேர்த்து நான்கே நான்கு. மூன்று மானா கிரீச்சரில் டஃப்னெஸ் (தாங்கும் பலம்) 4க்குக் குறையாமல் பாருங்கள், ஒரு போல்டில் சாகாது. லெதர்பேக் பேலோத் 4/5, மூன்றும் பச்சை மானா கேட்கும் என்பதால் 24இல் 15 அல்லது 16 லேண்டாவது பச்சை தர வேண்டும். பழைய டெக்கில் நாலாவது லேண்ட் சராசரியாக ஆறாவது டர்னில் வந்தது, இதில் மூன்றாவதிலேயே வந்துவிடும்.

ஏழு கார்டில் ஒரே லேண்டோ ஆறு லேண்டோ வந்தால் முல்லிகன் எடுங்கள், அதாவது கையைத் திருப்பிவிட்டுப் புதுக் கை எடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். 2019இலிருந்து விதி நல்ல விதி, மறுபடி ஏழு பார்த்துவிட்டுப் பிடிக்காத ஒன்றை டெக்கின் அடியில் வைக்கலாம். மூன்று லேண்ட் இருக்கிறது, ஆனால் மூன்றாவது டர்ன் வரை போட ஒன்றுமில்லை என்றால் சிவப்புக்கு எதிரே அந்தக் கையையும் திருப்பிவிடுவேன்.

காசு விஷயம். வாங்குவதற்கு முன் ஜெராக்ஸ் கடையில் கார்டு படத்தை அச்சடித்து, வெட்டி, ஸ்லீவில் (கார்டு போடும் பிளாஸ்டிக் உறை) ஒரு பேசிக் லேண்டுக்கு மேல் வைத்து ஆடிப் பாருங்கள். நண்பன் சம்மதித்தால் போதும், அதிகாரப்பூர்வ போட்டியில் மட்டும் செல்லாது. தோற்கும்போதெல்லாம் கையில் போட முடியாமல் மிஞ்சிய கார்டு எது என்று ஒரு தாளில் எழுதுங்கள், இரண்டு வாரத்தில் எதை எடுக்க வேண்டும் என்று அந்தத் தாளே காட்டும். அப்புறம் பேக்கெட் பிரித்து அதிர்ஷ்டம் பார்க்காமல் தேவையான கார்டை மட்டும் தனித்தனியாக வாங்குங்கள். பளபளக்கும் ஃபாயில் வேண்டாம், நம் பக்கத்துக் கடல் ஈரத்துக்கு வளைந்துவிடும், வளைந்த கார்டை டெக்கில் பார்த்தாலே அடையாளம் தெரியும், போட்டியில் அதற்குத் தண்டனையும் உண்டு. மிச்சக் காசில் நல்ல ஸ்லீவ் வாங்குங்கள்.