ரேம் போட்டால் கணினி பறக்குமா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த வாரம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாமே ரேமைப் பற்றித்தான் (கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி). விலை ஏறிய நேரம் பார்த்து எல்லாருக்கும் ரேம் ஆசை வந்திருக்கிறது. ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய மெமரிக்கே சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று கம்பெனிகளும் முன்னுரிமை கொடுப்பதால் 2025 கடைசியிலிருந்து நம் வீட்டுக் கணினி ரேமும் எகிறிவிட்டது. அதனால் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை சமயத்தில் மகளின் இணைய வகுப்புக்காக வாங்கிய கணினி இது. ஐ3-10100 புரோசசர், எச்410 மதர்போர்டு, 4 ஜிபி ரேம் ஒன்று (2400 என்று போட்டிருக்கிறது), 1 டெராபைட் ஹார்ட்டிஸ்க். மகள் இப்போது படிவம் 5. டெலிமாவோடு (கல்வி அமைச்சின் கற்றல் தளம்) கேன்வாவையும் யூடியூப்பையும் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. பட்டணத்துக் கடையில் "விளக்கு எரியிற 3600 ரேம் 16 ஜிபி போடுங்க, பறக்கும்" என்கிறார்கள். போடலாமா?
(ஒரு தாய், தோட்டத்துத் தாமான்)

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி, தங்கச்சி. ரேம் போதவில்லை என்பது கிட்டத்தட்ட நிச்சயம். 3600 என்ற வேக எண்தான் வீண் செலவு. எச்410 போர்டில் ஐ3-10100 இருந்தால் ரேம் 2666-ஐத் தாண்டாது, அட்டையில் என்ன எண் அச்சடித்திருந்தாலும் சரி. பழைய 2400-ஐயும் கூடவே விட்டு வைத்தால் இரண்டும் சேர்ந்து 2400-இல்தான் ஓடும். விளக்கு எரியும், அதை வேண்டுமானால் ரசிக்கலாம்.

காசைக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மகள் வழக்கம்போல எல்லாவற்றையும் திறந்து வைத்து, கணினி திணறுகிற அந்த நேரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியை அழுத்துங்கள். கமிட்டட் என்ற இடத்தில் இரண்டு எண் இருக்கும், முதல் எண்தான் நமக்கு வேண்டியது. 4 ஜிபி கணினியில் அது 7, 8 என்று நின்றால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் முதலில் உள்ளதைச் சுருக்கி வைத்துப் பார்க்கும், அதற்கும் மேலே போனால் ஹார்ட்டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு வேண்டும்போது திரும்பப் படிக்கும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க நூறு நானோசெகண்டு கூட ஆகாது. சுழலும் ஹார்ட்டிஸ்க்கில் ஊசி நகர்ந்து இடம் தேடிப் பிடிக்கவே பத்து மில்லிசெகண்டு ஆகிவிடும். லட்சம் மடங்கு வித்தியாசம்! கேன்வாவிலிருந்து யூடியூப்புக்கு மாறும்போது திரை உறைந்துபோய், பெட்டியின் முன்னால் இருக்கும் சின்ன விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கிறதா, உள்ளே கர்ர் கர்ர் என்று சத்தம் வருகிறதா? அதுதான் இது. இந்த இடத்தில் ரேமின் வேகம் 2400 ஆனால் என்ன, 3600 ஆனால் என்ன, காத்திருப்பது முழுக்க ஹார்ட்டிஸ்க்குக்காகத்தான்.

ஆகவே சாதாரண 8 ஜிபி டிடிஆர்4 ஒன்று வாங்கி, காலியாக இருக்கும் இன்னொரு ஸ்லாட்டில் போடுங்கள், மொத்தம் 12 ஆகிவிடும். 2666 கிடைக்காவிட்டால் 3200 வாங்கினாலும் பரவாயில்லை, அது தானே இறங்கி ஓடும். பழைய 4-ஐத் தூக்கிப் போட வேண்டாம், 4-க்கு 4 ஜோடி சேர்ந்து அந்த 8 ஜிபி வரைக்கும் இரட்டைச் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) ஓடும், மிச்சம் ஒற்றையில் ஓடும். 16 ஜிபி விலையில் மிச்சமாகும் வெள்ளியில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி விண்டோஸை அதில் ஏற்றிவிடுங்கள். கணினி திறக்கும் நேரம் குறைவதற்கு ரேமைவிட அதுதான் காரணமாக இருக்கும். பழைய ஹார்ட்டிஸ்க்கில் படங்களும் பாட நோட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: அண்ணே, என்னிடம் ரைசன் 5 5600ஜி, கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. 3200 ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக். கேம் விளையாடும்போது வெட்டி வெட்டி வருகிறது. கூட்டாளி 32 ஜிபியாக மாற்றச் சொல்கிறான்.
(படிப்பை முடித்து வேலை தேடும் ஒரு தம்பி)

பதில்: முதல் கடிதத்துக்கு நேர் எதிரான கேஸ் இது. தம்பி, உனக்கு இடம் போதும், வேகம்தான் போதவில்லை. உன் புரோசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும் ரேமிலிருந்துதான் அள்ளியாக வேண்டும். கணக்கு சுலபம். ரேமின் எண்ணை எட்டால் பெருக்கு: 3200 என்றால் செகண்டுக்கு 25,600 மெகாபைட், அதாவது 25.6 ஜிபி. அது ஒரு சேனலுக்கு. இரண்டு ஸ்டிக் சரியான ஸ்லாட்டில் இருந்தால் 51.2. நீ ஒரே ஸ்டிக்கை வைத்துக்கொண்டு பாதிப் பாதையை மூடி வைத்திருக்கிறாய்.

அதுவும் 25.6 முழுதாகக் கிடைக்கிறதா என்று பார். பல ஸ்டிக்குகள் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பை, நீயே போய் ஆன் செய்கிற வரைக்கும் 2400, 2666 என்றுதான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் ஸ்பீட் என்ற இடத்தில் தெரியும். 2400 என்றிருந்தால் இன்றைக்கே மாற்று, ஒரு சென் செலவில்லை. அப்புறம் அந்த 16-ஐக் கடையில் கொடுத்துவிட்டு 8-ம் 8-மாக ஜோடி வாங்கப் பார். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் புரோசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் ஜோடி, புத்தகத்தில் படம் போட்டிருக்கும். 32 ஜிபி ஒற்றை ஸ்டிக் போட்டால் கேம் அப்படியேதான் வெட்டும்.

நாளைக்கே தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டால் இந்தக் கதை மாறும். அதற்குச் சொந்த மெமரி உண்டு, புரோசசருக்கு அடிக்கடி வேண்டியது கேஷில் (புரோசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரியில்) இருக்கும், அப்போது ரேம் வேகத்தால் வரும் லாபம் கொஞ்சம்தான். பெரிய எண்ணைப் பார்த்தும் மயங்காதே. சிஎல் (ரேம் பதில் தர எடுக்கும் தாமதம்) எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோசெகண்டு வரும்: டிடிஆர்4 3200 சிஎல்16-க்கு 10, டிடிஆர்5 6000 சிஎல்30-க்கும் 10. டிடிஆர்5 ஒரே நேரத்தில் அதிகம் அள்ளும், ஆனால் முதல் பிடி எடுக்க ஆகும் நேரம் அதேதான்.

கேள்வி: ஐயா, தோட்ட ஆபீஸில் கிராணி வேலை. ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி எல்லாம் இருக்கிறது. 12 மாத செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) ஒரே எக்செல் ஃபைலில். ஒரு ஆளின் பேரைத் திருத்தினால்கூட கொஞ்ச நேரம் வட்டம் சுற்றுகிறது. 32 ஆக்கச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கேட்கலாமா?

பதில்: எழுதாதீர்கள், அப்புறம் வேகம் வரவில்லை என்றால் பழி உங்கள் மேல்தான் விழும். வட்டம் சுற்றும்போது டாஸ்க் மேனேஜரில் 16-இல் 9, 10 தான் ஓடுகிறது என்றால் மிச்சம் இப்போதே சும்மா கிடக்கிறது. பத்துப் பேர் சாப்பிட வந்த வீட்டில் நூறு இலை போட்டு வைத்தால் சமையல் சீக்கிரம் முடிந்துவிடாது. அதோடு எக்செல் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது, நீங்கள் 64 ஜிபி போட்டாலும். எக்செலில் ஃபைல், அப்புறம் அக்கவுண்ட் என்பதில் போய்ப் பார்த்தால் எந்த பிட் என்று தெரியும்.

கோளாறு ஃபைலில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆஃப்செட், இண்டைரக்ட் போன்ற ஃபார்முலாக்கள் எந்தக் கட்டத்தை மாற்றினாலும் மறுபடி கணக்குப் போடும். ஆயிரம் வரிசையில் அதை இழுத்து விட்டிருந்தால் பேர் திருத்துவதற்கும் சம்பளக் கணக்கே மறுபடி ஓடும். கால்குலேஷனை மேனுவலுக்கு மாற்றி, வேலை முடிந்ததும் எஃப்9 அழுத்திப் பாருங்கள். பேர் உடனே மாறினால் ஃபார்முலாதான் காரணம், மாதத்துக்கு ஒரு ஃபைலாகப் பிரிக்கலாம்.

கேள்வி: 2013-இல் வாங்கியது, டிடிஆர்3 ரேம் 8 ஜிபி. தேவாரம் கேட்க, பேஸ்புக் பார்க்க மட்டும்தான். டிடிஆர்4 போட்டால் புதுசு மாதிரி ஆகுமா?
(ஓய்வு பெற்ற வாசகர்)

பதில்: அது உள்ளேயே போகாது, ஐயா. டிடிஆர்3-க்கு 240 ஊசி, டிடிஆர்4-க்கு 288, நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும். யாராவது அழுத்தித் திணித்தால் ஸ்லாட் உடைந்துவிடும். தேவாரத்துக்கு 8 ஜிபி தாராளம். ஹார்ட்டிஸ்க்காக இருந்தால் எஸ்எஸ்டி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் செலவு வேண்டாம். அந்தக் காலத்துப் புரோசசரை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 14 அக்டோபர் 2025-ஓடு நின்றுவிட்டது. ஆகவே பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.