அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள்: விண்ணப்பப் பட்டியலைத் தயாரிப்பது எப்படி? (கேள்வி பதில்)

இளங்கலைப் படிப்பையே முதன்மையாகக் கொண்டு, பெரும்பாலும் மூவாயிரத்துக்கும் குறைவான மாணவர்களுடன் இயங்கும் அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், பட்டியல் தயாரிப்பு தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: மகள் சி.பி.எஸ்.இ. பதினொன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். சேர்க்கை விகிதத்தைப் பார்த்து, கடினமானவை நான்கு, வாய்ப்புள்ளவை நான்கு, உறுதியானவை நான்கு என்று பிரித்துக்கொள்ளும்படி ஓர் ஆலோசகர் கூறினார். எங்களால் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் வரை செலவிட முடியும். இந்தப் பிரிவு சரியா?

முழுக் கட்டணத்தையும் செலுத்தக்கூடிய குடும்பத்துக்கு அது சரி. உங்களுக்குச் சரிவராது. உங்கள் நிலையில் ஒரு கல்லூரி எந்த வரிசையில் நிற்கும் என்பதைச் சேர்க்கை விகிதத்தைவிடப் பணமே அதிகமாகத் தீர்மானிக்கும்.

விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேரைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலர் ஆகிறது. மதிப்பெண்ணின் அடிப்படையில் 30,000 டாலர் உதவித்தொகை தருகிறார்கள். மீதி 55,000. உங்கள் பன்னிரண்டு லட்சம் 14,000 டாலருக்கும் குறைவுதான். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்தாலும், முதலாண்டுச் செலவுக்குரிய பணத்தைக் காட்டினால்தான் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி வழங்கும் என்பதால், அந்தக் கடிதத்தால் உங்களுக்குப் பயனில்லை. ஆகவே அது உங்களுக்கு உறுதியான கல்லூரி ஆகாது.

வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை கல்லூரிகளை மூன்று வகையாகப் பார்க்க வேண்டும். ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில கல்லூரிகள் குடும்பத்தின் பண வசதியைப் பார்க்காமல் தேர்வு செய்து, தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. ஆனால் நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குக்கூட அங்கே இடம் கிடைப்பதில்லை. வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், பொமோனா, கார்ல்டன், கிரின்னெல், மெக்காலெஸ்டர் போன்றவை இரண்டாம் வகை: தேர்வின்போது எவ்வளவு உதவி கேட்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, ஆனால் சேர்த்துக்கொண்டால் முழுத் தேவையையும் ஈடுகட்டுகின்றன. மூன்றாம் வகையில் உஸ்டர், லாரன்ஸ், நாக்ஸ், பெலாயிட், டிபா போன்ற கல்லூரிகள் வருகின்றன. இவற்றில் சேர்க்கை எளிது. தகுதி உதவித்தொகையும் உண்டு. ஆனால் மீதித் தொகையை யார் கட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

உறுதியான கல்லூரி என்றால் இடம் கிடைக்க வேண்டும், உங்களால் கட்ட முடிய வேண்டும், மகளுக்கு அங்கே போக உண்மையிலேயே மனம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும் கல்லூரியை முதலில் தேடிவிட்டுப் பிறகு மேலே போங்கள். உங்கள் தொகைக்கு அப்படியொன்று அமெரிக்காவில் கிடைப்பது அரிது. எனவே ஹரியானாவின் அசோகா பல்கலைக்கழகத்தையும், சென்னைக்கு அருகே ஸ்ரீசிட்டியில் இருக்கும் கிரியா பல்கலைக்கழகத்தையும் பட்டியலின் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். இதே கல்வி முறையை நம் நாட்டில் நடத்தும் நிறுவனங்கள் அவை. அவற்றை இரண்டாந்தரத் தேர்வாக மகளிடம் பேசாதீர்கள்.

நீங்கள் மதுரைக்காரர் என்பதால் ஒரு செய்தி. ஓபர்லின் என்ற அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியோடு இணைந்த ஷான்சி அமைப்பு, உங்கள் ஊரின் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஓபர்லின் பட்டதாரிகளை அனுப்பி வந்திருக்கிறது. அங்கே பழைய ஆசிரியர்களிடம் விசாரித்தால், இத்தகைய கல்லூரியில் படித்தவர்களோடு பழகியவர்கள் கிடைக்கக்கூடும்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: ஒரு கல்லூரி வெளிநாட்டு மாணவர்களுக்கு உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இணையத்தில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

தரவரிசைத் தளங்களை விட்டுவிட்டு, கல்லூரியே ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தைத் திறந்து பாருங்கள். கல்லூரியின் பெயரோடு இந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடினால், பெரும்பாலான கல்லூரிகளின் ஆவணம் கிடைத்துவிடும். அதில் பி2 அட்டவணையில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது இருக்கும். எச்6 பகுதியில், அவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி உதவி வழங்கியது, சராசரித் தொகை எவ்வளவு என்பவை இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கல்லூரியில் 200 வெளிநாட்டு மாணவர்களில் 170 பேருக்குச் சராசரியாக 60,000 டாலர் கிடைக்கிறது, இன்னொன்றில் அதே 200 பேரில் 40 பேருக்கு 20,000 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் சேர்க்கை விகிதமும் ஒன்றாகவே இருந்தாலும், உதவி தேவைப்படும் மாணவிக்கு முதல் கல்லூரியில்தான் விண்ணப்பிப்பதற்குப் பொருள் இருக்கிறது.

சி7 பகுதியையும் தவறாமல் படியுங்கள். மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்பதோடு, விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தைக் கணக்கில் கொள்கிறார்களா என்பதும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். கொள்வதாக இருந்தால், அவர்களின் இணையவழி அறிமுகக் கூட்டங்களில் கலந்துகொள்வதும் நேர்காணல் கேட்பதும் பயன் தரும்.

சேலத்திலிருந்து ஒரு மாணவர்: மொத்தம் எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம்?

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் 20 வரை அனுமதிக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் போனால் கட்டுரைகளின் தரம் இறங்கிவிடும் என்பது என் கருத்து. ஒவ்வொரு கல்லூரியும் கேட்கும் தனிக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம். கிரின்னெல் போல அதை வாங்காத கல்லூரிகள் உண்டு, மற்றவற்றில் விலக்குக் கேட்கலாம்.

சென்னையிலிருந்து ஒரு தாய்: எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தால் இடம் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்கள். அதை வில்லியம்ஸுக்குப் பயன்படுத்தலாமா?

நவம்பரில் ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு அங்கேயே சேர்வதாக ஒப்புக்கொள்ளும் முறை இது. அதில் விகிதம் உயர்வாகத் தெரிவது உண்மை. ஆனால் பயிற்சியாளர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள் அந்தக் கணக்கில் கணிசமாக இருப்பதால், உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் அனுகூலம் அந்த எண் காட்டும் அளவுக்கு இருக்காது. என்னைக் கேட்டால், இந்த ஒரு வாய்ப்பை மிகக் கடினமான கல்லூரியில் செலவழிப்பதைவிட, மிகவும் பிடித்ததும் ஓரளவு எட்டக்கூடியதும் முழுத் தேவையை ஈடுகட்டுவதுமான ஒரு கல்லூரிக்கு வைத்துக்கொள்வதே நல்லது. அங்கே கிடைக்காவிட்டால், ஜனவரித் தொடக்கத்தில் முடியும் இரண்டாம் சுற்றைப் பல கல்லூரிகள் நடத்துகின்றன. தரப்படும் உதவி போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலக முடியும். ஆனால் வெவ்வேறு கல்லூரிகளின் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இருக்காது.

உதவி தேவை என்றால் விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் அப்படிப் பின்னர் கேட்பதைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை: மகனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பொறியியல் வேண்டும். இந்தக் கல்லூரிகள் கலைப் படிப்புக்கு மட்டும்தானே?

இல்லை. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் எல்லாம் இங்கே உண்டு. இன்டெல் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸும், 1989-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக்கும் கிரின்னெலில் இளங்கலை படித்தவர்கள். பொறியியல் வேண்டுமென்றால் ஹார்வி மட், ஸ்வார்த்மோர், லஃபயெட், பெண்களுக்கு ஸ்மித் ஆகியவற்றைப் பாருங்கள். தற்போதைய விதிகளின்படி, இத்தகைய துறைகளில் பட்டம் பெறுவோர், படிப்புக்குப் பின் அமெரிக்காவில் வேலை செய்யத் தரப்படும் ஓராண்டுப் பணிப் பயிற்சி அனுமதிக்கு மேல் 24 மாத நீட்டிப்பும் கோரலாம். கல்லூரி சிறியதா பெரியதா என்பது அதில் பொருட்டே அல்ல.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்: மகன் அமெரிக்கக் குடிமகன். எங்களுக்கும் இதே கணக்குத்தானா?

பெரும்பாலும் வேறு கணக்கு. உள்நாட்டு மாணவர்களின் பண வசதியைப் பாராமல் தேர்வு செய்யும் கல்லூரிகள் ஏராளம். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் இருக்கும் செலவுக் கணிப்பானில் உங்கள் வருமான விவரத்தை இட்டால், கட்ட வேண்டிய தொகை தோராயமாகத் தெரிந்துவிடும். உங்கள் பட்டியலின் அடித்தளத்துக்கு, உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் இருக்கிறது. குடியுரிமை உள்ள பிள்ளை தமிழ்நாட்டில் படித்துக்கொண்டிருந்தாலும் உதவிக் கணக்கில் உள்நாட்டு மாணவராகவே கருதப்படுவார். இதை அறியாமல் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி: எல்லாக் கல்லூரிகளின் தளங்களும் ஒரே மாதிரி பேசுகின்றன. நேரில் போய்ப் பார்க்க வசதியில்லாத நான் எப்படி வேறுபாடு காண்பது?

பாடத்திட்டத்தில் தொடங்குங்கள். ஆம்ஹர்ஸ்டிலும் கிரின்னெலிலும் கட்டாயப் பாடங்கள் அநேகமாக இல்லை. முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்று போதும். வில்லியம்ஸின் டுட்டோரியல் வகுப்பில் இரண்டே மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இருப்பார்கள்; ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிக்க, மற்றவர் அதை விமரிசிப்பார், அடுத்த வாரம் முறை மாறும். உஸ்டரில் ஒவ்வொரு மாணவரும் இறுதியாண்டில் ஓர் ஆசிரியரின் நேரடி வழிகாட்டலில் தனி ஆய்வு செய்தாக வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் விவாதத்தில் மகிழ்பவருக்கும் இவை ஒரே அனுபவமாக இருக்க முடியாது.

அடுத்து, நீங்கள் படிக்க விரும்பும் துறையின் பக்கத்துக்குப் போய் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பாடப் பட்டியலில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், கடந்த இரண்டு ஆண்டுகளின் கால அட்டவணையில் எந்த உயர்நிலைப் பாடங்கள் உண்மையில் நடந்தன என்று பாருங்கள். சிறிய கல்லூரியில் ஓர் ஆசிரியர் விடுப்பில் போனால் ஒரு பாடமே நின்றுவிடும். அருகருகே உள்ள கல்லூரிகளின் கூட்டமைப்புகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன: பொமோனா மாணவர் நடந்தே போய் ஹார்வி மட்டில் ஒரு வகுப்பு எடுக்கலாம், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாணவிகள் ஆம்ஹர்ஸ்டில் படிக்கலாம்.

இடத்தையும் பாருங்கள். மெக்காலெஸ்டர் செயின்ட் பால் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கார்ல்டன் அதே மினசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற சிற்றூரில் இருக்கிறது. இரண்டிலும் குளிர் கடுமையானது, ஆனால் அங்கே கழியும் நான்கு ஆண்டுகள் ஒன்றுபோல இரா. மகளிர் கல்லூரிகளைப் பலர் பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள்; பிரின் மார், மவுண்ட் ஹோலியோக், ஸ்மித் மூன்றும் கல்வித் தரத்திலும் உதவியிலும் உயர்ந்தவை, போட்டியும் ஆம்ஹர்ஸ்ட் அளவுக்கு இல்லை. உங்கள் பட்டியலின் நடுப்பகுதியை அவற்றைக் கொண்டே பலப்படுத்தலாம்.

எஸ்.ஏ.டி. என்ற சேர்க்கைத் தேர்வு பற்றியும் ஒரு சொல். போடன் 1969 முதலே அதைக் கட்டாயமாக்கவில்லை. இன்று பல கல்லூரிகள் அவ்வாறே செய்கின்றன. இருந்தாலும் உங்கள் பாடசாலையை அங்கே அறிந்தவர்கள் குறைவு என்பதால், நல்ல மதிப்பெண் எடுக்க முடிந்தால் அனுப்புவதே உங்களுக்கு உதவும்.

கோவையிலிருந்து ஒரு மாணவர்: மார்ச் இறுதியில் முடிவுகள் வந்து, பிடித்த கல்லூரியில் இடம் கிடைத்தும் உதவி சற்றுக் குறைவாக இருந்தால் என்ன செய்வது?

உடனே உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டிய நாள் பெரும்பாலும் மே 1 என்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே எழுதிவிட வேண்டும். குடும்ப வருமானம் குறைந்தது, மருத்துவச் செலவு வந்தது போன்ற காரணங்கள் இருந்தால் சான்றுகளை இணையுங்கள். அதே தரத்திலுள்ள வேறொரு கல்லூரி அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் அனுப்புங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் இடைவெளிகள் இப்படி நிரம்புவது உண்டு. இருபதாயிரம் டாலர் இடைவெளி நிரம்புவது மிக அரிது. அந்த நிலையில் கடன் வாங்கியாவது போகலாம் என்று முடிவெடுக்கும் முன், நான்கு ஆண்டுகளின் மொத்தத் தொகையையும் ஆண்டுதோறும் கட்டணம் உயர்வதையும் காகிதத்தில் எழுதிப் பெற்றோரோடு உட்கார்ந்து பாருங்கள்.